சபையில் சேரும் முன் கணக்கைக் கேளுங்கள், தங்கச்சி

தங்கச்சி, புதுக்குடியிருப்பிலிருந்து கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபுரோவுக்கு வந்து இன்னும் பனியையே காணாத நீங்கள் மூன்று விடயங்கள் கேட்டிருக்கிறீர்கள். அறை எங்கே மலிவு, எந்த ஜக்கெற் நல்லது, பக்கத்துச் சமூகப் பொழுதுபோக்கு நிலையத்தின் நிர்வாக சபையில் தொண்டராகச் சேரக் கேட்கிறார்களே, சேர்ந்தால் வேலை தேட உதவுமா? முதல் இரண்டையும் உங்களைக் கூப்பிட்டெடுத்த சொந்தக்காரர் சொல்வார்கள். வேலைக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: சம்பளம் கிடையாது, நன்றாகச் செய்தால் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும், வேலை உறுதி என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஆனால் அந்தச் சபையைப் பற்றி நான் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். வந்த புதிதில் என்னையும் இப்படித்தான் கேட்டார்கள். விளக்கிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

சேருங்கள். கையெழுத்து வைக்கும் முன் கணக்கைக் கேளுங்கள்.

ஊரில் சங்க நிர்வாகம் என்றால் தலைவருக்கு மாலை, போசகருக்குப் பொன்னாடை என்று பழகிவிட்டோம். இங்கே சபை உறுப்பினர் சட்டப்படி ஒரு பணிப்பாளர், அதாவது நிறுவனத்தை நடத்தும் பொறுப்பை ஏற்பவர். நாம் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இலாபநோக்கற்ற நிறுவனங்களுக்கான புதிய சட்டம் 2021 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நிலையம் நொடித்துப்போய் ஊழியர்களுக்குச் சம்பளப் பாக்கி வைத்தால், ஆறு மாதச் சம்பளம் வரைக்கும், ஓராண்டு விடுமுறைக் கொடுப்பனவு வரைக்கும் பணிப்பாளர்களைப் பொறுப்பாக்க அதில் இடமிருக்கிறது. சம்பளத்தில் கழித்த வரியை அரசுக்குக் கட்டாமல் விட்டாலும் பணிப்பாளர்களைத் தேடி வரலாம். தொண்டுதானே செய்தேன் என்று சொல்வது மட்டும் போதாது.

ஆகவே கடந்த ஆண்டின் நிதி அறிக்கையையும் நிலையத்தின் விதிகள் எழுதிய யாப்பையும் கடைசிக் கூட்டங்களின் அறிக்கைகளையும் வாங்கி வாசியுங்கள். பணிப்பாளர்களுக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தராமல் இழுத்தடிக்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம். இன்னொன்று, ரொறன்ரோவில் பெரும்பாலான நிலையங்களை மாநகரசபையே நேரடியாக நடத்துகிறது. அப்படியான இடத்தில் உங்களைக் கூப்பிடுவது வெறும் ஆலோசனைக் குழுவுக்காக இருக்கலாம். அதற்கு இவ்வளவு பாரம் இல்லை. எது என்று முகத்துக்கு நேரே கேளுங்கள்.

நான் முதலில் போன நிலையத்துக்கு, மானிய விண்ணப்பத்தில் காட்ட ஒரு தமிழ்ப் பெண் தேவைப்பட்டிருந்தாள். வரவுசெலவுத் திட்டத்தைக் கூட்டம் தொடங்கும்போதுதான் மேசையில் வைப்பார்கள், பத்து நிமிடத்தில் கையை உயர்த்தச் சொல்வார்கள். எனக்கு அப்போது ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் கூட்டல் கழித்தல் வரும். ஒரு வாரத்துக்கு முன்பே தாள்களை அனுப்பினால்தான் வாக்களிப்பேன் என்று சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார்கள், பிறகு அனுப்பினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நம்மவர்கள் மீதும் மனத்தாங்கல் உண்டு. தலைவர் பதவிக்கு அடிபட்டு ஓர் ஊர்ச் சங்கத்தை இரண்டாக்குகிறவர்கள், வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தின் பொதுக்கூட்டத்தை எட்டியும் பார்ப்பதில்லை. பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கு என்ன கட்டணம், பெண்களுக்கென்று தனி நேரம் உண்டா, பேரப்பிள்ளை பார்க்க வந்து நாள் முழுக்க நான்கு சுவருக்குள் அடைந்து கிடக்கும் அம்மம்மாக்களுக்கு மாலையில் ஒரு மண்டபம் கிடைக்குமா, இவற்றையெல்லாம் பேச வேண்டிய இடம் அதுதான். வருகிற சிலரும் மச்சானின் சாப்பாட்டுக் கடைக்கு ஓடர் பிடித்துக் கொடுக்கவே வருகிறார்கள். தனக்கு ஆதாயமுள்ள ஒப்பந்தம் பேசப்பட்டால் அதை வெளியே சொல்லிவிட்டு விலகியிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

கணக்குக் கேட்கும் பழக்கம் எனக்கு ஒட்டுசுட்டானில் வந்தது. அங்கே மாதர் சங்கத்துக்கு நான் பொருளாளர். சனசமூக நிலையத்தின் சீமெந்து நிலத்தில் பாய் விரித்துக் கூடுவோம். வெளியே இளைஞர்கள் கரப்பந்து ஆடுவார்கள். கச்சான் போடக் கடன் எடுத்தவர் எவ்வளவு திருப்பினார் என்று எல்லோருக்கும் கேட்க வாசிப்பேன். எழுத்துத் தெரியாத ஓர் ஆச்சிதான் முதலில் பிழை பிடிப்பார். 1998 மார்கழியில் போரால் இடம்பெயர்ந்தபோது சங்கத்தின் காசேட்டை, அதாவது வரவுசெலவுப் புத்தகத்தை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பையில் கட்டிக்கொண்டு போனேன். உங்கள் புதுக்குடியிருப்பில்தான், ஒரு கொட்டிலில் மறுபடி கூட்டம் வைத்தோம். பாதிப் பேர்தான் வந்தார்கள். யார் எவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துத்தான் தீர்த்தோம். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

அவர்கள் நிதி அறிக்கையைத் தந்ததும் எனக்கு எழுதுங்கள். வரிக்கு வரி எப்படி வாசிப்பது என்று சொல்லித் தருகிறேன்.