குழந்தைகளுக்குப் படப் புத்தகம் எழுதுபவரின் ஒரு நாள் எப்படிப் போகும்?

எழுதுவதைவிட வெட்டுவதில்தான் என் நாள் அதிகம் போகிறது. நான் இருப்பது பாளையங்கோட்டையில். இப்போது கையில் உள்ளது கூந்தன்குளம் பறவைகளைப் பற்றிய கதை. அந்த ஊரில் மஞ்சள் மூக்கு நாரைகள் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டும், ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. "அலகு மஞ்சள், வால் பக்கம் இளஞ்சிவப்பு இறகு" என்று முதலில் எழுதியிருந்தேன். அதைப் படமே சொல்லிவிடுமே! அடித்துவிட்டேன். சத்தம், வாசனை, மனசுக்குள் ஓடுவது என்று படத்துக்கு எட்டாததைத்தான் எழுத்து சொல்ல வேண்டும். படம் வரைவது வேறொருவர், அவருக்கும் இடம் விட வேண்டும் இல்லையா?

அப்புறம் பக்கக் கணக்கு. பெரிய தாளில் அச்சடித்து மடிப்பதால் பெரும்பாலும் 16, 24, 32 என்றுதான் வரும். நான் 8 தாளைப் பாதியாக மடித்து 32 பக்க மாதிரி ஒன்று செய்துகொள்வேன். பக்கத்தைப் புரட்டும் இடத்தில் ஆச்சரியம் விழுகிறதா என்று கையால் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு வாசிப்பேன். யாராவது நெளிந்தால் அந்த வரி நீளம். நேற்று ஒரு பிள்ளை, "மாமா, மழையில குஞ்சு நனையாதா?" என்று கேட்டாள். கதையில் அது இல்லை. இன்று காலையிலிருந்து அந்த ஒரு பக்கத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.