குளிர்காற்று அடித்த மறுநாள் போங்கள்

கேள்வி: அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் தென்முனையான கேப் மே போகிறோம். வலசை போகும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளை எப்போது பார்க்கலாம்?

பதில்: நல்ல சமயம்தான். வடமேற்கிலிருந்து குளிர்காற்று அடித்த மறுநாள் போங்கள். டெலவேர் விரிகுடாவைக் கடக்கும் முன் அவை அந்த முனையில் வந்து சேரும். பகலில் மணல்மேட்டிலுள்ள மஞ்சள் கோல்டன்ராட் பூக்களில் தேன் குடிக்கும். ஆனால், சாயங்காலத்தைத் தவறவிடாதீர்கள். செடார் மரத்தில் காய்ந்த இலைக்கொத்து என்று நினைத்து நான் கடந்து போயிருப்பேன். சாய்வெயில் பட்டதும் அத்தனையும் ஆரஞ்சுச் சிறகுகளாக விரிந்தன! அப்படியே நின்றுவிட்டேன். அரை கிராம் உடம்பு, மெக்சிகோ மலைக்காடு வரை போக வேண்டும். தயவுசெய்து கிளையை அசைக்காதீர்கள். அப்புறம், பின்சிறகில் சின்ன வட்ட ஸ்டிக்கர் தெரிந்தால் அதிலுள்ள எண்ணைப் படமெடுங்கள்; வலசையை ஆராய்பவர்களுக்கு உதவும்.