வாரண்ட் இல்லாமல் லயன் வீட்டில் சோதனை: என்ன செய்யலாம்?

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட் லயன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு) குடியிருக்கிறோம். மிளகு மூட்டைகள் திருடு போனதாக இரவு பதினொரு மணிக்குப் போலீசார் வந்து வீட்டைக் கலைத்துத் தேடினார்கள். வாரண்ட் காட்டவில்லை. மிளகு கிடைக்கவில்லை, கணவரின் கைப்பேசியை எடுத்துச் சென்றுவிட்டார்கள். எழுதி எதுவும் தரவில்லை. இப்போது லாக் எண்ணைக் கேட்கிறார்கள்.

பதில்: சகோதரி, கட்டடம் எஸ்டேட்டுக்குச் சொந்தம் என்பதால் உங்கள் அந்தரங்க உரிமை இம்மியும் குறையாது. இரவில் போலீசார் வீடு தேடி வந்து கண்காணிக்க இடம் தந்த விதியைக் கரக் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஏற்க அன்று தயங்கிய பெரும்பான்மைத் தீர்ப்பை, 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் திருத்தினார்கள்.

ஆனாலும் ‘வாரண்ட் இல்லை’ என்பதை மட்டும் நம்பி வாதாடாதீர்கள். தாமதித்தால் பொருள் கிடைக்காது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-வது பிரிவு வாரண்ட் இல்லாத சோதனையை அனுமதிக்கிறது. ஆனால் காரணத்தையும் தேடும் பொருளையும் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அனுப்பப்பட வேண்டும். மனு கொடுத்தால் நடுவர் அதை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். முதலில் அதை வாங்குங்கள். மிளகு தேட வந்தவர்களுக்குக் கைப்பேசி எதற்கு என்பது அதில் தெரிந்துவிடும். உள்ளூர்ச் சாட்சிகள் இருவர், கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் நகல், வீடியோ பதிவு ஆகியவையும் கட்டாயம். பட்டியலே தராதது சிறிய குறை அல்ல.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சோதனை முறைகேடானது என்பதாலேயே கிடைத்த ஆதாரம் செல்லாமல் போகாது. 1973-ல் பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது.

லாக் எண் விஷயத்தில் உயர் நீதிமன்றங்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). எனவே, “வழக்கறிஞரைக் கேட்டு நீதிமன்றத்தில் பதில் சொல்கிறேன்” என்று உங்கள் கணவர் பணிவாக மறுக்கலாம். மிரட்டினால், தேதி, நேரம் குறித்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள்.

கைப்பேசியைத் திரும்பப் பெற, அதே நடுவரிடம் அதே சன்ஹிதாவின் 503-வது பிரிவில் மனு செய்யலாம். வழக்கறிஞர் கட்டணத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு; சேலம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உங்கள் பெயரிலேயே விண்ணப்பியுங்கள்.