இடுப்பு மூட்டு மாற்று: நாள் குறித்தது முதல் நடை திரும்பும் வரை

வாசகர் கேள்விகள் – பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றியே கேட்கின்றன. அறுவை அரங்கில் நடப்பது ஒன்றிரண்டு மணி நேர வேலை. அதற்கு முன் உடம்பையும் வீட்டையும் எவ்வளவு தயார் செய்தோம் என்பதும், அதற்குப் பின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதும்தான் பலன் எப்படி அமையும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. ஆகவே வீட்டைப் பற்றிய கேள்விகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. வலது இடுப்பு மூட்டு முழுவதும் தேய்ந்துவிட்டதால் அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மாதுங்காவில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். இந்த ஒரு மாதத்தில் என்னென்ன செய்துகொள்ள வேண்டும்?
– மாதுங்கா வாசகி

பதில்: முதலில் உடம்பைக் கவனியுங்கள். ஹீமோகுளோபின் அளவு 12-க்குக் கீழே இருந்தால் இப்போதே மருத்துவரிடம் சொல்லி அதைச் சரிசெய்யத் தொடங்க வேண்டும். அறுவையில் ரத்தம் இழக்கத்தான் செய்யும் என்பதால், சோகையோடு உள்ளே போகிறவர்களுக்கு எழுந்து நடக்கத் தெம்பு வரத் தாமதமாகும். சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவைப் பார்த்து, அது 8-ஐத் தாண்டியிருந்தால் நாளைத் தள்ளிவைக்கவும் தயங்கக் கூடாது. சொத்தைப் பல், சிறுநீரில் எரிச்சல், காலில் ஆறாத புண், சீழ் பிடித்த நகக்கண், ஆழமான பித்தவெடிப்பு ஆகிய எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கிருந்து கிளம்பும் கிருமி ரத்தத்தின் வழியே புதிய மூட்டில் போய் உட்கார்ந்துவிட்டால் அதை அகற்றுவது மிகப் பெரிய பாடு. வலிக்காக அந்த மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டு மூன்று மாதம் ஆகவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. ஊரிலிருந்து வரவழைத்துச் சாப்பிடும் லேகியம், சூரணம் உட்பட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மயக்க மருத்துவரிடம் கொடுங்கள். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட்டாக வேண்டும்.

இனி தசைகள். படுத்தபடியே முழங்காலைப் படுக்கையோடு அழுத்தித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவது, இரண்டு புட்டங்களையும் சேர்த்து இறுக்குவது, கைப்பிடி உள்ள நாற்காலியில் கைகளை ஊன்றி உடம்பைச் சற்றே மேலே தூக்கி இறக்குவது ஆகிய மூன்றையும் வலி அனுமதிக்கும் அளவுக்குக் காலையும் மாலையும் செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது பயிற்சியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் முதல் சில வாரங்கள் கால் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கைகள்தான் செய்யப் போகின்றன. மூன்றாம் மாடி என்பதால், வாக்கரைப் பிடித்து நடப்பதையும் கைத்தடியோடு படியேறி இறங்குவதையும் இப்போதே ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ள வேண்டும். வலியும் மயக்கமும் கலந்து கிடக்கும் நாளில் புதிதாகக் கற்றுக்கொள்வது கடினம். முன்பே பழகியதை உடம்பு தானாக நினைவுபடுத்திக்கொள்ளும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த காலும் தடியும் முதலில் போக வேண்டும். வீடு திரும்பும் நாளில் ஒவ்வொரு மாடி வளைவிலும் சற்று உட்கார ஒரு நாற்காலியைப் போட்டு வைக்க அண்டை வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.

வீட்டில் உள்ள இருக்கைகளின் உயரத்தைக் கவனியுங்கள். அம்மா கட்டிலிலோ நாற்காலியிலோ உட்காரும்போது முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே இருக்க வேண்டும். பழைய கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கடியில் அசையாத மரக்கட்டைகளை வைத்து உயர்த்தலாம். ஊஞ்சல், தாழ்வான சோபா, கைப்பிடி இல்லாத முக்காலி ஆகியவை கொஞ்ச காலம் வேண்டாம். கழிவறையில் கம்மோடு இருந்தாலும் அதன்மேல் பொருத்தும் உயர்த்தி ஒன்றை வாங்கி, சுவரில் கைப்பிடிக் கம்பியும் பதித்துவிடுங்கள். கால்மிதி, சுருளும் பாய், தரையில் ஓடும் ஒயர் ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு முழுவதும் விளக்கு எரியட்டும். காபிப் பொடி, சர்க்கரை, தினமும் எடுக்கும் பாத்திரங்கள் எல்லாம் இடுப்பு உயரத் தட்டுக்கு வரட்டும். புடவைக் கொசுவம் வாக்கரில் சிக்கும் என்பதால் கணுக்காலுக்கு மேலே நிற்கும் நைட்டியே முதல் சில வாரங்களுக்கு ஏற்றது.

கடைசியாக ஒன்று, இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்: மூட்டை எந்தப் பக்கமாகத் திறந்து மாற்றப் போகிறீர்கள், முன்பக்கமாகவா பின்பக்கமாகவா என்று அறுவை மருத்துவரிடம் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எப்படி உட்கார வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் பெரும்பாலும் அந்தப் பதிலைப் பொறுத்தவை.

கேள்வி: அறுவைக்குப் பிறகு தரையில் உட்காரவே கூடாது என்கிறார் ஒருவர், மூன்று மாதத்தில் சம்மணமே போடலாம் என்கிறார் இன்னொருவர். கோலம் போட்டு, தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிப் பழகிய எனக்கு எது சரி என்று தெரியவில்லை.
– செம்பூர் வாசகி

பதில்: இருவரும் வெவ்வேறு நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம். இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் சுழலும் பந்து. பின்பக்கமாகத் திறந்து மாற்றப்பட்ட மூட்டில் அந்தப் பந்து பின்னால் நழுவ ஏதுவான நிலை ஒன்று உண்டு: இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கி, தொடை உள்ளே சாய்ந்து, பாதமும் உள்பக்கம் திரும்புவது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி, முழங்கால்கள் ஒட்டியிருக்கக் குனிந்து, கீழே விழுந்த மாத்திரையை எடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள்; இந்த மூன்றும் அதில் ஒருசேர நடக்கின்றன. கால்மேல் கால் போடுவதும், நம் பெண்கள் இரு கால்களையும் ஒரே பக்கமாக மடித்து உட்காருவதும் இந்த வகையில்தான் சேரும். முன்பக்கமாகத் திறந்தவர்களுக்குக் கவனம் வேறு: காலைப் பின்னால் நீட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதை அவர்கள் தவிர்க்க வேண்டும்.

சம்மணத்தில் தொடைகள் வெளிப்பக்கம் விரிவதால், பின்பக்க அறுவை செய்தவர்களுக்கு அது கால்மேல் கால் போடுவதைவிட ஆபத்துக் குறைந்த நிலைதான். ஆனால் சம்மணத்தில் உட்கார்ந்திருப்பதைவிட, அதற்காகத் தரைக்கு இறங்குவதிலும் அங்கிருந்து எழுவதிலும்தான் மூட்டு ஆழமாக மடங்கி முறுக்கிக்கொள்கிறது. 1960-களில் இந்த அறுவை சிகிச்சைக்கு இன்றைய வடிவம் கொடுத்த ஜான் சார்ன்லி பயன்படுத்திய பந்தின் விட்டம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். இப்போது 32, 36 மில்லிமீட்டர் பந்துகள் சாதாரணமாக வைக்கப்படுகின்றன. பந்து பெரிதானால் நழுவுவதற்கு முன் அது கடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது என்பதால், முன்பு ஒரேயடியாக மறுக்கப்பட்ட சிலவற்றை இன்று மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள். முதல் மூன்று மாதம் தரையை மறந்துவிடுங்கள். பிறகு உங்கள் பந்தின் அளவையும் கிண்ணம் அமைந்த கோணத்தையும் அறிந்த உங்கள் மருத்துவர் சம்மதித்தால், பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் இறங்கி எழப் பழகலாம். அதுவரை காயை மேஜையில் வைத்து நறுக்கலாம். கோலத்தை வீட்டில் வேறு யாராவது போடட்டும். இந்தியக் கழிவறைக்குத் திரும்ப வேண்டாம் என்பதே என் தனிப்பட்ட யோசனை.

கேள்வி: எனக்கு 41 வயது. கோவிட் காலத்தில் ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொண்டேன். இப்போது தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துவிட்டது என்கிறார்கள். இந்த வயதில் மூட்டை மாற்றினால் எத்தனை ஆண்டு தாங்கும்? தள்ளிப்போடலாமா?
– டோம்பிவிலி வாசகர்

பதில்: கோவிட் சிகிச்சைக்குப் பின் இந்தப் பாதிப்பு வந்தவர்களைப் பற்றி 2021-இலேயே மும்பை மருத்துவர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். எலும்பின் தலை இன்னும் உருண்டையாக இருந்தால், துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் சிறிய அறுவையால் சொந்த மூட்டையே காப்பாற்ற முயலலாம்; ஆகவே எம்ஆர்ஐ எடுத்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளுங்கள். தலை நொறுங்கித் தட்டையாகிவிட்டால் மாற்றுவதே வழி, அதன்பின் வலியோடு ஆண்டுகளைக் கடத்துவதில் தசைகள் மெலிவதைத் தவிரப் பயன் ஒன்றும் இல்லை. 2019-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, வெளிநாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 மூட்டுகள் 25 ஆண்டுகள் தாங்குவதாகக் கணித்தது. அவை பழைய தலைமுறை மூட்டுகள். இன்றைய கிண்ணங்களில் உள்ள பிளாஸ்டிக் உறை தேய்மானத்தை அதிகம் தாங்குகிறது. இருந்தாலும், உங்கள் வாழ்நாளில் ஒருமுறை மீண்டும் மாற்ற நேரலாம் என்ற நினைப்போடுதான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: மாமியாருக்கு அறுவை முடிந்து பத்து நாள் ஆகிறது. வலிக்குப் பயந்து எழுந்திருக்கவே மறுக்கிறார். அந்தக் கால் நீளமாகிவிட்டது என்றும் அழுகிறார். வற்புறுத்துவதா, விட்டுவிடுவதா?
– முலுண்ட் வாசகி

பதில்: விட்டுவிடக் கூடாது, அதட்டவும் வேண்டாம். வலி மாத்திரையை வலி முற்றிய பிறகு கொடுக்காமல், நடக்க வைப்பதற்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். ஒரே தடவையில் நெடுந்தூரம் நடக்க வைப்பதைவிட, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொருமுறை கூடம் வரை போய் வருவது நல்லது. நடக்கும்போது கையைப் பிடித்து இழுக்காமல், அறுவை செய்த பக்கத்தில் அரை அடி பின்னால் நின்று, இடுப்பருகே ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள். விழமாட்டோம் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். உடுத்தும்போது அறுவை செய்த காலை முதலில் நுழைத்து, கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கச் சொல்லுங்கள். வாக்கரை விட்டுத் தடிக்கு மாறும் நாளில் தடி எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும்: வலது இடுப்பு என்றால் இடது கையில். வலிக்கும் பக்கத்திலேயே தடியை ஊன்றும் தவறு மிகப் பரவலானது.

கால் நீளமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், பல ஆண்டுகளாகத் தேய்ந்து குறுகியிருந்த மூட்டு தன் உயரத்துக்குத் திரும்பியதும், இறுகிப்போன தசைகள் இடுப்பெலும்பை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருப்பதும்தான். தசைகள் தளரச் சில மாதம் ஆகும். அதற்குள் செருப்பில் அட்டை வைத்து உயர்த்த வேண்டாம்.

ஆனால் சில அறிகுறிகளை அழுகை என்று ஒதுக்கக் கூடாது. கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி, காய்ச்சலோடு தையலிலிருந்து கசிவு, திடீரென்று பொறுக்க முடியாத வலியோடு கால் குட்டையாகி ஒரு பக்கம் திரும்பிக்கொள்வது ஆகியவற்றில் எது வந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தை, பொதுவாக 35 நாள் வரை எழுதியிருப்பார்கள், இடையில் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. லோக்கல் ரயிலில் வேலைக்குப் போகலாமா? ஒரு திருமணத்துக்காகத் திருநெல்வேலிக்கும் போக வேண்டியிருக்கிறது.
– சயான் வாசகர்

பதில்: தடி இல்லாமல் நொண்டாமல் நடந்து, அறுவை செய்த ஒற்றைக் காலில் சில நொடி நிற்க முடிந்த பிறகே லோக்கல் ரயிலை நினைக்க வேண்டும். பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியில் உடம்பின் முழு எடையும் கணநேரம் ஒரே காலில் நிற்கிறது. பின்னாலிருந்து கூட்டம் தள்ளும்போது அதைத் தாங்கும் வேலை இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுடையது, அவை தேற மூன்று மாதம் ஆகலாம். அதுவரை டாக்சியில் போகலாம். முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, முதலில் புட்டத்தை வைத்து உட்கார்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள்.

திருநெல்வேலி ஒரு நாளுக்கும் மேலான ரயில் பயணம். முடிந்தால் மூன்று மாதம் கழித்துப் போங்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மருத்துவரைக் கேட்டு, கீழ்ப் படுக்கையாகப் பதிவு செய்து, மணிக்கொருமுறை பெட்டிக்குள் நடந்து, உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள். விமானத்தில் போனால் சோதனைக் கருவி ஒலிக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் கையால் சோதித்து அனுப்புவார்கள். எங்கே போனாலும் டிஸ்சார்ஜ் அறிக்கையின் நகலையும், உள்ளே வைத்த மூட்டின் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கரின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். 2010-இல் ஒரு வகை உலோக மூட்டை அதைத் தயாரித்த நிறுவனமே உலகெங்கும் திரும்பப் பெற்றபோது, தங்களுக்குள் இருப்பது எந்த மூட்டு என்று சரிபார்த்துக்கொள்ள நோயாளிகளுக்குத் தேவைப்பட்டது இந்த விவரம்தான். உங்கள் அறிக்கையில் அந்த ஸ்டிக்கர் ஒட்டப்படவில்லை என்றால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மருத்துவமனைப் பதிவறையில் கேட்டு வாங்கிவிடுங்கள்.