கேள்வி பதில்: வேலையில் அடிபட்டால் முதலாளிக்குச் செலவு எங்கே ஏறுகிறது?

ஐஸ் கம்பெனி, விசைப்படகு, கருவாட்டுக் கொட்டகை, உப்பளம் என்று இராமநாதபுரம் கரையோரத்தில் தொழில் நடத்துகிறவர்களும் அங்கே வேலை பார்க்கிறவர்களும் கேட்டவை இவை. வழக்கு நடக்கிற விஷயங்களுக்கு இங்கே பதில் கிடையாது, வக்கீலிடம் போங்கள்.

மண்டபம், ஐஸ் கம்பெனிக்காரர்: அண்ணே, இன்சூரன்ஸ் பிரீமியம் வருஷா வருஷம் ஏறுது. குறைக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் ஏஜெண்டிடம் இல்லை. உங்கள் ஐஸ் அரைக்கிற மிஷினில் இருக்கிறது. மாதம் 15,000 சம்பளம் வாங்கும் 30 வயது ஆள் ஆள்காட்டி விரலை முழுசாக இழந்தால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி 14 சதவீத ஊனம். இழப்பீடு 2,62,054 ரூபாய். கட்டை விரல் என்றால் 30 சதவீதம், 5,61,546 ரூபாய். மருத்துவச் செலவும் உங்கள் தலையில்தான். சாதாரண பாலிசியில் அது அடங்காமல் போகலாம், படித்துப் பாருங்கள். மிஷின் வாய்க்கு மூடி போட்டு, மூடி திறந்தால் மோட்டார் நிற்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வைக்க இதில் எவ்வளவு ஆகும் என்று பட்டறையில் கேளுங்கள். ஈரத் தரையில் கரண்ட் ஓடுகிற இடம், அதனால் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குத் துண்டிக்கிற பிரேக்கர் கட்டாயம். அமோனியா குழாய்ப் பக்கம் கண் கழுவத் தண்ணீர்க் குழாய் வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் வண்டி, ஆஸ்பத்திரி எல்லாம்.

இன்னொன்று. பிரீமியம் மிச்சம் என்று இருபது பேரைப் பத்துப் பேராகவும் 15,000 சம்பளத்தை 8,000 ஆகவும் எழுதிக் கொடுக்காதீர்கள். விபத்து நடந்த அன்றுதான் அந்த மிச்சத்தின் விலை தெரியும். மீதியை உங்கள் கையிலிருந்து கட்டுவீர்கள்.

தொண்டி, விசைப்படகு வைத்திருப்பவர்: ஆள் இறந்துட்டா ஊர்ப் பெரியவங்களை வச்சு, குடும்பத்துக்கு மூணு லட்சம் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி முடிச்சுக்கலாமா? கோர்ட் அலைச்சல் மிச்சம்.

இந்தப் பகுதியில் முதலாளிகளுக்கு நஷ்டம் வைப்பதில் முதலிடம் இந்த ஸ்டாம்ப் பேப்பருக்குத்தான். உரிமையை விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. மரண இழப்பீட்டை வாரிசின் கையில் நேராகக் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகவே கணக்கில் ஏறாது. தொழிலாளர் இழப்பீட்டு அதிகாரியிடம் டெபாசிட் செய்ய வேண்டும். முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் வரைதான் நேராகக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம்.

கணக்குப் பாருங்கள். 30 வயது, 15,000 சம்பளம். சாவுக்குப் பாதிச் சம்பளம் 7,500 (ஊனத்துக்கு 60 சதவீதம்), வயதுக்குச் சட்டம் வைத்திருக்கிற பெருக்கல் எண் 207.98. பெருக்கினால் 15,59,850. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வருஷம் 12 சதவீத வட்டி, அதாவது 1,87,182. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இல்லையென்றால் அபராதம் 50 சதவீதம் வரை, 7,79,925. அபராதத்தை இன்சூரன்ஸ் கட்டாது என்று உச்ச நீதிமன்றம் 1997 இலேயே சொல்லிவிட்டது. நீங்கள் கொடுத்த மூன்று லட்சத்தில் முன்பணம் போக மீதி தர்மக் கணக்கு.

1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. பெருக்கல் முறையும் வட்டியும் அபராதமும் அப்படியே இருக்கின்றன.

மூக்கையூர்: மீனவர் குழு விபத்துக் காப்பீடு?

இறப்புக்கு 5 லட்சம். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

பாம்பன், படகு உரிமையாளர்: ஆள் குடிச்சிருந்தான். வலை இழுக்கிற வின்ச்சுல கை மாட்டிருச்சு. குடிச்சவனுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லைன்னு சொன்னாங்களே?

சொன்னவர் பாதிச் சட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறார். சாவு, முழு நிரந்தர ஊனம் என்றால் அந்த வாதம் எடுபடாது. மற்றக் காயங்களில்கூட, அடிபட்டது போதையினால்தான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். வாயில் வாடை அடித்தது என்பது நிரூபணம் இல்லை.

தொண்டி (மறுபடி): அப்ப அவன் பாட்டுக்குக் குடிச்சிட்டு விழுவான், நான் கட்டணுமா? இது என்ன நியாயம்?

நீங்கள்தானே அந்த நிலையில் அவரை வின்ச் பக்கம் நிறுத்தினீர்கள்? ஏறும்போதே கரையில் இறக்கிவிட்டால் ஒரு நாள் ஆள் குறையும், அவ்வளவுதான்.

கீழக்கரை, கருவாட்டுக் கொட்டகையில் வேலை பார்ப்பவர்: ஐயா, நீங்களும் முதலாளி செலவைத்தான் பேசுறீங்க. எங்க கொட்டகையில கையில கத்தி பட்டா ரெண்டு நாள் கூலி போச்சு, அவ்வளவுதான். குடிச்ச ஆம்பளைங்களுக்கு மட்டும் இவ்வளவு பேச்சா?

சரியான கேள்வியம்மா. மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால்தான் இழப்பீடு தொடங்கும், அதனால் உங்கள் இரண்டு நாள் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் அதே கை சீழ் பிடித்து இருபது நாள் ஆனால் வரும். அன்றைக்கே நோட்டில் பெயரும் நேரமும் எழுதச் சொல்லுங்கள், ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கோருவதற்கு இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. உங்கள் கொட்டகை இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) இருந்தால் பணம் அங்கிருந்துதான், முதலாளியிடம் தனியாகக் கேட்க முடியாது.

பாம்பன் (மறுபடி): அண்ணே, எங்க ஆளு கூலி கிடையாது, பங்குக்காரன். அவனும் லாபத்துல பாதி மாதிரி. அவனுக்கும் இழப்பீடா?

பேரை மட்டும் மாற்றினால் தப்பிக்க முடியாது. யார் ஆளை எடுத்தது, யார் உத்தரவு போடுவது, டீசல் நஷ்டம் யாருக்கு, வலை கிழிந்தால் யார் தைப்பது என்று துருவித் துருவிக் கேட்பார்கள். நஷ்டத்தில் பங்கே இல்லாத பங்குக்காரர் பங்குக்காரரா என்று நீங்களே யோசியுங்கள். எதற்கும் அவரையும் பாலிசியில் சேர்த்துவிடுங்கள்.

தேவிபட்டினம்: ஸ்டாம்ப் பேப்பரோட நோட்டரியும் போட்டா?

இல்லை.

ஏர்வாடி: வக்கீல் முன்னாடி கையெழுத்து வாங்கினா?

இல்லை. மேலே தொண்டிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

இராமேஸ்வரம், படகு உரிமையாளர்: ஏப்ரல் 15 இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம். போட்டைக் கரை ஏத்தி வேலை பார்ப்போம். எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?

படகுக்குள் இருக்கிற மீன் கிடங்கில். அழுகின மீனும் தேங்கின தண்ணீரும் கிடந்தால் உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு சேரும், ஆக்சிஜன் குறையும். கழுவ இறங்கியவர் சுருண்டு விழுவார், தூக்க இன்னொருவர் குதிப்பார், பிறகு மூன்றாவது ஆள். ஒரு விபத்து மூன்று கோரிக்கை ஆவது இப்படித்தான். மூடியைத் திறந்து வைத்து, ஊதுகிற விசிறியால் நெடுநேரம் காற்று அடித்த பிறகுதான் ஆளை இறக்குங்கள். இடுப்பில் கயிறு இருக்கட்டும், மேலே ஒருவர் அந்தக் கயிற்றை விடாமல் பிடித்திருக்கட்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் மேலே இருப்பவர் இறங்கவே கூடாது, இழுக்கத்தான் வேண்டும். வாசனை வரவில்லை என்று நம்பாதீர்கள், அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும். உள்ளே வெல்டிங் வேலை இருந்தால் பெயிண்டும் தின்னரும் வெளியே போய்விட வேண்டும். வெல்டிங்கையும் பெயிண்ட் வேலையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.