சீமைக் கருவேலத்தில் எத்தனால்: பணம் போடலாமா?

ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம் எட்டு ஏக்கர் தரிசு, முழுக்கச் சீமைக் கருவேலம். கரி மூட்டம் போடுவதை விட்டுவிட்டு, பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுக்கலாம், சின்ன யூனிட் அமைத்துத் தருகிறோம் என்கிறார்கள் சிலர். பத்துப் பேர் சேர்ந்து பணம் போடலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

போடாதீர்கள். மரத்திலிருந்து எத்தனால் வரும், அது உண்மைதான். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து செய்கிற அளவில் கட்டுப்படியாகாது.

கரும்புச் சாற்றில் சர்க்கரை கரைந்தே இருக்கிறது, ஈஸ்ட் போட்டால் நொதித்துவிடும். மரத்தில் சர்க்கரை செல்லுலோஸ் சங்கிலியாக இறுகி, லிக்னின் என்ற பசைக்குள் புதைந்து கிடக்கிறது. அதை உடைக்க மரத்தைச் சிராய்களாக்கி, நீர்த்த அமிலத்தோடு 160 முதல் 200 டிகிரி வரை அழுத்த நீராவியில் வேகவைக்க வேண்டும். அப்புறம் விலை கூடிய நொதிகளில் (என்சைம்) இரண்டு மூன்று நாள் ஊற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஈஸ்ட். சாதாரண ஈஸ்ட்டோ குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளைத்தான் தின்னும், மரத்திலிருந்து வரும் சைலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையை அப்படியே விட்டுவிடும். வடித்தாலும் 95 சதவீதத்தைத் தாண்டுவது கடினம். பெட்ரோலில் கலக்க 99.5 வேண்டும், அதற்குத் தனிக் கருவி.

கணக்கையும் பாருங்கள். ஒரு டன் உலர்ந்த மரத்தில் செல்லுலோஸ் சுமார் 400 கிலோ. துளி வீணாகாவிட்டாலும் அதிலிருந்து 290 லிட்டருக்குள்தான். பானிபட்டில் 900 கோடிக்கு மேல் செலவழித்து 2022இல் திறந்த இந்தியன் ஆயில் ஆலையின் இலக்கே ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர். அதாவது டன்னுக்கு 150. வைக்கோல் மரத்தைவிட இளகியது. நீங்கள் பச்சையாக வெட்டி ஏற்றும் மரத்திலோ எடையில் பெரும் பங்கு தண்ணீர்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது நன்னீர். ஊறவைக்க, கழுவ, குளிரவைக்க எல்லாவற்றுக்கும் அது வேண்டும். குடிக்கவே காவிரித் தண்ணீரை எதிர்பார்க்கும் ஊரில், உப்புக் கிணற்றை நம்பி இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது. உரிமம் இல்லாமல் எரிசாராயம் வடித்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு வரும், எரிபொருள் என்று சொல்லித் தப்ப முடியாது.

சரி, மரத்தை என்ன செய்வது? மூட்டத்தையே ஒழுங்காகப் போடுங்கள். விறகைச் சில வாரம் காயவிட்டு, பருமன் வாரியாகப் பிரித்து அடுக்கினால் அதே விறகில் கரி கூடும். வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும்வரை ஈரம்தான் போகிறது. அது மெலிந்து நீலமானதும் துளைகளை மண்ணால் அடைத்துவிடுங்கள், தாமதித்தால் கரி சாம்பலாகிவிடும். சுள்ளியையும் கிளையையும் மரத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களுக்கு விற்கப் பாருங்கள்.

வெட்டியதோடு நிறுத்தாமல் தூரோடு பிடுங்குங்கள், இல்லையென்றால் ஒரே மழையில் தளிர்த்துவிடும். நெற்றை ஆட்டுக்கு முழுசாகப் போடாதீர்கள். விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கும். காயவைத்து, விதையும் உடையும்படி அரைத்துத் தீவனத்தில் கலந்தால் நெற்றின் இனிப்பு ஆட்டுக்குக் கிடைக்கும், விதையும் முளைக்காது.