பழைய மாருதி ஜிப்சி ஜீப்பின் தரைக்கு நானே கார்பெட் போடலாமா? மழை பெய்தால் காலடியில் ஈரமாகி வாடை அடிக்கிறது.

தாராளமாகப் போடலாம், ஆனால் அது கடைசி வேலை. மழை பெய்தால் காலடியில் ஈரம் என்கிறீர்களே, முதலில் அதைப் பிடியுங்கள். ஒருவர் வெளியே ஹோஸில் தண்ணீர் அடிக்கட்டும். நீங்கள் டார்ச்சோடு உள்ளே உட்காருங்கள். பெரும்பாலும் முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலையிலிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒழுகும். கதவு பீடிங்கையும், அதாவது கதவோர ரப்பரையும், பாருங்கள்.

அப்புறம் சீட்டைக் கழற்றி, துருவைக் கம்பி பிரஷால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து ரெட் ஆக்சைடு பிரைமர், மேலே பெயிண்ட். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிறதா? சரி, அது டிங்கரிங் கடை வேலை. பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டே வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள்.

தரைக்கு என் ஓட்டு கெட்டியான ரப்பர் மேட்டுக்கே. கார்பெட்டின் அடியிலுள்ள பஞ்சு ஈரத்தை நாள்கணக்கில் பிடித்துவைக்கும். மறுபடி அதே வாடை, அதே துரு. ரப்பரென்றால் சேற்றைக் கழுவிவிடலாம், அவ்வப்போது தூக்கி அடியைக் காயவிட்டால் போதும்.